மாறுமின்னோட்டம் உண்டாக்கும் வெப்பத்தை மணிக்கணக்கில் கணிப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. மூடிய பெட்டி ஒன்றுக்குள் செல்லும் தடித்த செம்புக் கடத்தியில் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் பாய்கிறது. 10 மணி நேரத்தில் அதன் வெப்பநிலை எப்படி உயரும் என்பதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தை சைன் அலையாகவே கொடுத்து, காலப்படியை, அதாவது ஒரு கணிப்புக்கும் அடுத்த கணிப்புக்கும் இடையே உள்ள நேரத்தை, ஒரு மில்லிவினாடியாக வைத்தால், கணினி இரவு முழுவதும் ஓடியும் கடத்தியின் அரை நிமிட வாழ்க்கையைக்கூடக் கடக்கவில்லை. பொறுமையிழந்து காலப்படியை ஒரு வினாடியாக உயர்த்தினால், கணக்கு விரைவாக முடிகிறது, ஆனால் கடத்தி சூடாகவே இல்லை. இதில் மென்பொருளின் கோளாறு எதுவும் இல்லை. மின்னோட்டம் மாறும் வேகத்துக்கும் வெப்பநிலை மாறும் வேகத்துக்கும் உள்ள பெரிய இடைவெளியே இரண்டு தொல்லைகளுக்கும் காரணம்; தீர்வும் அந்த இடைவெளியிலிருந்தேதான் கிடைக்கிறது.

முதலில் கணக்கின் அளவைப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. அலையின் வடிவம் ஓரளவு சரியாகத் தெரிய ஒரு சுற்றுக்கு 20 புள்ளிகளாவது வேண்டும் என்றால் காலப்படி ஒரு மில்லிவினாடி ஆகிறது. 10 மணி நேரத்தில் 18 லட்சம் சுற்றுகள், அதாவது 3 கோடியே 60 லட்சம் காலப்படிகள். முப்பரிமாண மாதிரி ஒன்றில் ஒரு படிக்கு ஒரு வினாடி என்று மிகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் கணக்கு முடிய ஏறத்தாழ 417 நாட்கள் ஆகும். விரைவான கணினி வாங்குவது இதற்கு விடையாகாது.

ஒரு வினாடிப் படியில் வெப்பம் ஏன் சுழியாகிறது என்பதையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இதைவிட மோசமான பிழை இதே இடத்தில் மறைந்திருக்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை தன்னைத் திரும்பச் செய்கிறது. ஒரு வினாடி என்பது அந்தக் கால அளவின் சரியான மடங்கு. அலை சுழியில் தொடங்கினால், ஒவ்வொரு படியிலும் சால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், அதைச் சுழியிலேயே சந்திக்கிறது. எனவே வெப்பமே இல்லை. அலை உச்சத்தில் தொடங்கினால், ஒவ்வொரு படியிலும் உச்சத்தையே சந்தித்து உண்மையைப்போல் இருமடங்கு வெப்பத்தைக் காட்டுகிறது. சுழி வந்தால் நாம் விழித்துக்கொள்வோம்; ஆனால் அலை சுழிக்கும் உச்சத்துக்கும் இடையே ஏதோ ஓரிடத்தில் தொடங்கிவிட்டால், நம்பத்தகுந்ததுபோல் தோன்றும் தவறான எண் கிடைக்கும். காலப்படியைத் தானே கூட்டிக் குறைக்கும் சால்வர்கள்கூட இதிலிருந்து நம்மைக் காப்பதில்லை. அவை வெப்பநிலையில் தெரியும் பிழையை வைத்தே படியின் நீளத்தை முடிவு செய்கின்றன. ஒரு சுற்றுக்குள் வெப்பநிலை மாறும் அளவு, அனுமதிக்கப்பட்ட பிழையைவிட மிகச் சிறியது. எனவே சால்வர் எந்த எச்சரிக்கையும் இன்றிப் படியை நீட்டிக்கொண்டே போகிறது.

அந்த அளவு எவ்வளவு சிறியது? எந்த மாதிரியையும் தொடங்குவதற்கு முன் தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் கணக்கு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். செம்பின் மின்தடை எண் 20 டிகிரி செல்சியஸில் 1.72 × 10⁻⁸ ஓம்-மீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 4 ஆம்பியர் என்ற மின்னோட்ட அடர்த்தியில், ஒரு கன மீட்டர் செம்பில் சராசரியாக 2,75,000 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு கன மீட்டர் செம்பை ஒரு கெல்வின் சூடாக்க ஏறத்தாழ 34.5 லட்சம் ஜூல் தேவை. ஆகவே குளிர்தல் எதுவும் இல்லாவிட்டால் வெப்பநிலை வினாடிக்கு 0.08 கெல்வின் ஏறும். வெப்பத்தின் துடிப்பு 100 ஹெர்ட்ஸில் நிகழ்வதால், வெப்பநிலையின் துடிப்பு வீச்சைப் பெற இந்த 0.08-ஐ அந்தத் துடிப்பின் கோண அதிர்வெண்ணான 628-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.00013 கெல்வின். பல பத்து டிகிரி உயரப்போகும் ஒரு வெப்பநிலைக் கோட்டின் மீது, டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நடுக்கம். 417 நாட்கள் கணினியை ஓட்டி நாம் பெறப்போவது இந்த நடுக்கத்தை மட்டுமே.

எனவே மாறுமின்னோட்டத்தையும் வெப்பத்தையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டத் தேவையில்லை. ஒரு சுற்றில் உண்டாகும் வெப்பத்தின் சராசரியை மின் கணக்கு தர, வெப்பக் கணக்கு அந்தச் சராசரியை எடுத்துக்கொண்டு நிமிடக்கணக்கான படிகளில் நடந்தால் போதும். இதைத் துல்லியத்தைக் கைவிட்டுச் செய்யும் சமரசமாகச் சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. துடிப்பால் மின்தடையில் நேரும் மாற்றம், செம்பின் வெப்பக்கெழுவான (ஒரு டிகிரிக்கு மின்தடை மாறும் விகிதம்) 0.0039-ஐ 0.00013-ஆல் பெருக்கினால் கிடைக்கும் அளவே, அதாவது கோடியில் ஐந்து பங்கு. சந்தையில் கிடைக்கும் எந்தச் செம்பின் மின்தடை எண்ணும் அவ்வளவு துல்லியமாக நமக்குத் தெரிந்திருப்பதில்லை.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-இல் வெளியிட்ட கட்டுரையில் கடத்தியின் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்த்தகவில் அமைகிறது என்று காட்டினார். பயனுறு மதிப்பு, அதாவது ஆர்.எம்.எஸ். மதிப்பு என்று நாம் அன்றாடம் கூறுவதும் இதே வெப்பத்தை வைத்து வரையறுக்கப்பட்டதுதான்: ஒரு மின்தடையில் அதே சராசரி வெப்பத்தை உண்டாக்கும் நேர்மின்னழுத்தமே அந்த மதிப்பு. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் பயனுறு மதிப்பு. உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். 52.9 ஓம் மின்தடையுள்ள ஒரு ஹீட்டர் 230 வோல்ட்டில் சராசரியாக 1000 வாட் தருகிறது. கணத்துக்குக் கணம் அது 0-க்கும் 2000-க்கும் இடையே ஊசலாடுகிறது. ஆகவே பொருள் வெறும் மின்தடையாக நடந்துகொள்ளும் இடங்களில், அதாவது ஹீட்டர் சுருள், மெல்லிய கம்பி, மின்னோட்டம் குறுக்குவெட்டு முழுவதும் சீராகப் பரவும் தகடு ஆகியவற்றில், மாறுமின்னழுத்தத்தை மாதிரிக்குள் கொண்டுவரவே வேண்டாம். 230 வோல்ட் நேர்மின்னழுத்தத்தைக் கொடுத்து வெப்பக் கணக்கை ஓட்டினால் போதும். இந்த வகைக் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் கடத்தி தடித்தது என்பதால் அது இங்கே முடிவதில்லை. மாறுமின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை நோக்கி ஒதுங்குகிறது. ஸ்கின் எஃபெக்ட் எனப்படும் இந்த விளைவின் ஆழம் 50 ஹெர்ட்ஸில் செம்புக்கு ஏறத்தாழ 9.3 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் இதைப் பெரும்பாலும் புறக்கணிக்கலாம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் புறக்கணிக்கவே முடியாது. அருகருகே செல்லும் கடத்திகள் ஒன்றன் மின்னோட்டத்தை மற்றொன்று ஓரத்துக்குத் தள்ளுகின்றன. பக்கத்தில் உள்ள இரும்புப் பெட்டியிலும் தாங்கிகளிலும் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்பட்டு அவையும் சூடாகின்றன. இவற்றை நேர்மின்னழுத்தத்தால் பிடிக்க முடியாது. ஆனால் இதற்கும் சுற்றுச் சுற்றாக நடக்க வேண்டியதில்லை. சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893-இல் சிகாகோவில் நடந்த மின்னியல் மாநாட்டில் முன்வைத்த கலப்பெண் முறையே இதற்கான கருவி: நிலையான அதிர்வெண்ணில் எல்லா அளவுகளும் சைன் அலைகளாக இருக்கும்போது, ஒவ்வொன்றின் வீச்சையும் கட்டத்தையும் ஒரே கலப்பெண்ணில் அடக்கி, காலத்தையே சமன்பாட்டிலிருந்து நீக்கிவிடலாம். 18 லட்சம் சுற்றுகளுக்குப் பதிலாக ஒரே ஒரு தீர்வு; அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் சராசரி வெப்பம் நேரடியாகக் கிடைக்கிறது. காம்சால் மென்பொருளில் அதிர்வெண் தீர்வையும் கால வெப்பத் தீர்வையும் இணைத்து நடத்தும் ஆய்வு வகை ஒன்று இதற்கென்றே உள்ளது. பின்லாந்தின் சி.எஸ்.சி. நிறுவனம் உருவாக்கிய, கட்டணமின்றிக் கிடைக்கும் எல்மர் மென்பொருளிலும் அதிர்வெண் களத்தில் மின்காந்தப் புலத்தைத் தீர்த்து வெப்பக் கணக்கோடு இணைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதிர்வெண் தீர்வில் கொடுக்க வேண்டியது உச்ச மதிப்பா, பயனுறு மதிப்பா என்பதை மென்பொருளின் கையேட்டில் பார்த்தே தீர வேண்டும். உச்ச மதிப்பை எதிர்பார்க்கும் சால்வர், வெப்பத்தைக் கணிக்கும்போது அரை என்ற காரணியைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு 230 கொடுத்தால் வெப்பம் பாதியாகிவிடும். பயனுறு மதிப்பை எதிர்பார்க்கும் ஒன்றுக்கு 325 கொடுத்தால் வெப்பம் இருமடங்காகும். படத்தில் வண்ணங்கள் இரண்டு நிலையிலும் ஒன்றுபோலவே அழகாக இருக்கும். மொத்த வெப்பத்தைக் கன அளவு முழுவதும் தொகையிட்டு, கைக்கணக்கோடு ஒப்பிடுவது ஒன்றே இதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து வருவதுதான் இந்த விஷயத்தின் மிகச் சுவையான பகுதி என்று நான் கருதுகிறேன். கடத்தி சூடாகும்போது அதன் மின்தடை உயர்கிறது. செம்பில் இது ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம். ஆகவே மின் தீர்வை ஒருமுறை மட்டும் கண்டு, அந்த வெப்பத்தையே 10 மணி நேரத்துக்கும் வைத்திருப்பது தவறு. பிழை எந்தத் திசையில் போகும் என்பது, கடத்திக்குக் கொடுக்கப்படுவது நிலையான மின்னோட்டமா, நிலையான மின்னழுத்தமா என்பதைப் பொறுத்தது. சுற்றுப்புறம் 20 டிகிரி. மின்தடை மாறாது என்று கொண்டால் இறுதி உயர்வு 50 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் நிலையாக இருந்தால், மின்தடை கூடக் கூட வெப்பமும் கூடி, உண்மையான உயர்வு 62 கெல்வினாகிறது. மின்னழுத்தம் நிலையாக இருந்தால், மின்தடை கூடும்போது மின்னோட்டம் குறைந்து, உயர்வு 43 கெல்வினில் நின்றுவிடுகிறது. ஒரே கடத்தி, தொடக்கத்தில் ஒரே வெப்பம்; ஆயினும் முடிவில் 19 கெல்வின் வேறுபாடு. மின்வலையில் உள்ள பஸ்பாரும் (மின்சாரத்தைப் பகிரும் தடித்த உலோகப் பட்டை) கேபிளும் பெரும்பாலும் முதல் வகை. அவற்றின் மின்னோட்டத்தை முடிவு செய்வது மறுமுனையில் உள்ள சுமை, கடத்தியின் மின்தடை அல்ல. கேள்வியில் கடத்தியின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. உண்மையான அமைப்பும் அப்படித்தானா என்பதை மறுபடியும் பாருங்கள்.

இந்தப் பின்னூட்டத்தைச் சேர்ப்பதற்கு அதிகச் செலவில்லை. மின்தடை எண் ஒரு சதவீதம் மாறும்போதெல்லாம் மின் தீர்வைப் புதுப்பித்தால் போதும் என்று கொண்டால், அது ஏறத்தாழ இரண்டரை டிகிரிக்கு ஒருமுறை. 60 டிகிரி உயர்வுக்கு 24 தீர்வுகள். 3 கோடியே 60 லட்சத்துக்குப் பதிலாக 24.

இனி வெப்பக் கணக்கின் காலப்படி. நேரடி முறை எனப்படும் எளிய முன்னோக்கிய கணக்கு, நிலைத்தன்மைக்காகத் தானே ஒரு வரம்பை விதிக்கிறது. செம்பில் வெப்பம் மிக விரைவாகப் பரவுவதால், ஒரு மில்லிமீட்டர் கண்ணியுள்ள முப்பரிமாண வலையில் அந்த வரம்பு ஏறத்தாழ 1.4 மில்லிவினாடி. மாறுமின்னோட்டத்தை விரட்டிவிட்ட பிறகும் மில்லிவினாடி பின்வாசல் வழியே திரும்ப வந்துவிடும் என்பதே இதன் பொருள். எனவே அடுத்த படியின் வெப்பநிலையையே அறியாத அளவாக வைத்துத் தீர்க்கும், பின்னோக்கிய ஆய்லர் போன்ற உள்ளார்ந்த முறைகளையே பயன்படுத்த வேண்டும். அவற்றில் தொடக்கத்தில் ஒரு வினாடி, பின்னர் பத்து வினாடி, வெப்பநிலை சமநிலையை நெருங்கும்போது சில நிமிடங்கள் என்று படியை வளரவிடலாம்.

சிறுபடிகளே பாதுகாப்பானவை என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கணினியின் ஒற்றைத் துல்லிய (32 பிட்) எண்களில், 300 கெல்வினுக்கு அருகே அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையே உள்ள இடைவெளி 0.00003 கெல்வின். சராசரி வெப்பத்தையே வைத்துக்கொண்டு, ஒரு மில்லிவினாடிப் படியில் வெப்பநிலையை நேரடியாகக் கூட்டிக்கொண்டே போனால், முதல் படியில் கூட்ட வேண்டியது 0.00008, அதுவே வட்டமிடலில் சிதைகிறது. குளிர்தல் கூடி நிகர உயர்வு 0.000015-க்குக் கீழே இறங்கியதும், கூட்டுவது எதுவும் எண்ணில் பதிவதில்லை. இறுதி உயர்வில் ஏறத்தாழ 80 சதவீதத்திலேயே வெப்பநிலை உறைந்து நின்றுவிடுகிறது. பார்ப்பவர் அதைச் சமநிலை என்று நம்பிவிடுவார். இரட்டைத் துல்லியத்தில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் வேகத்துக்காக வரைகலை அட்டைகளில் ஒற்றைத் துல்லியத்தில் கணக்கிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மணிக்கணக்கைத் தாண்டி மாதக்கணக்கான காலத்துக்குப் போகும்போது இதே சிந்தனை இன்னொரு படி மேலே பயன்படுகிறது. மண்ணுக்குள் புதைத்த மின்கேபிள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மண்ணின் வெப்பப் பரவல் எண் வினாடிக்கு 5 × 10⁻⁷ சதுர மீட்டர் என்று கொண்டால், ஒரு மீட்டர் தொலைவுக்கு வெப்பம் உணரப்பட ஏறத்தாழ 23 நாட்கள் ஆகும். பகலும் இரவுமாக மாறும் சுமையின் துடிப்போ அந்த மண்ணில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே மங்கிவிடுகிறது. கேபிளின் அருகில் உள்ள மண் மணி நேர மாற்றத்தைக் காண்கிறது. தொலைவில் உள்ள மண் நாளின் சராசரியை மட்டுமே காண்கிறது. ஆனால் சராசரி எடுக்க வேண்டியது மின்னோட்டத்துக்கு அல்ல, அதன் இருமடிக்கு. 12 மணி நேரம் 400 ஆம்பியரும் 12 மணி நேரம் 100 ஆம்பியரும் பாயும் கேபிளுக்குச் சராசரி மின்னோட்டம் 250 ஆம்பியர். வெப்பத்தைத் தீர்மானிக்கும் பயனுறு மதிப்போ 292 ஆம்பியர். 250-ஐப் பயன்படுத்தினால் வெப்பத்தில் 26 சதவீதம் விடுபட்டுப்போகும். எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன்) காப்புள்ள கேபிளின் கடத்திக்குத் தொடர்ந்த இயக்கத்தில் அனுமதிக்கப்படும் வெப்பநிலை 90 டிகிரி என்பதால், இந்த விடுபடல் நேராகக் காப்பின் ஆயுளில் போய் முடியும். நிலையான சுமைக்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60287 தரநிலையும், நாள்தோறும் சுழலும் சுமைக்கும் அவசரக்காலச் சுமைக்கும் ஐ.இ.சி. 60853 தரநிலையும் கணக்கு முறைகளைத் தருகின்றன. சிறு வலைக்கணக்கு ஒன்றை எழுதுவதற்கு முன் அவற்றைப் படிப்பது நல்லது. அருகில் இரும்பு இல்லாத அமைப்பில், ஓர் ஆம்பியருக்கான வெப்பப் பரவலை ஒருமுறை கண்டு சேமித்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மின்னோட்டத்தின் இருமடியாலும் வெப்பநிலைக் காரணியாலும் பெருக்கிக்கொண்டால், ஓராண்டுக் கணக்குகூடச் சாதாரணக் கணினியில் ஓடும்.

சராசரி முறை எங்கெல்லாம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மிக மெல்லிய இழைகளில் துடிப்பு பெரிதாகிறது. குறைந்த வாட் குமிழ்விளக்கின் ஒளி 100 ஹெர்ட்ஸில் அளவிடத்தக்க அளவு மினுங்குவது இதனால்தான். ஒரு சுற்றுக்குள்ளேயே உருகிவிடும் ஃபியூஸிலும், முதல் சில சுற்றுகளில் மின்னோட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் குறுக்குச்சுற்றிலும் கணத்துக்குக் கணம் நடந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த நிகழ்வு ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுவதால் அதற்கான செலவும் குறைவு. தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்சால் சில வினாடிகள் இயக்கிச் சில வினாடிகள் நிறுத்தும் ஹீட்டரில், சுற்றை மட்டும் சராசரியாக்கி, இயக்கத்தையும் நிறுத்தத்தையும் அப்படியே விட்டுவிடுவதே சரி. அந்தச் சில வினாடிகளில் மெல்லிய சுருள் கணிசமாகச் சூடாகிக் குளிர்கிறது. ஹார்மோனிக்ஸ், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் அமைந்த அலைகள், நிறைந்த மின்னோட்டத்தில், மின்தடையே அதிர்வெண்ணோடு மாறுவதால், ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனித்தனியே தீர்வு கண்டு வெப்பங்களைக் கூட்ட வேண்டும்.

இரும்பு இவற்றுள் தனி வகை. அதன் காந்தத் தன்மை நேர்கோட்டில் நடப்பதில்லை. சைன் அலை உள்ளே போனாலும் சைன் அலை வெளியே வருவதில்லை. இதற்குப் பொதுவாக, ஒரு சுற்றில் அதே ஆற்றலைத் தரும் ஈடான காந்த உட்புகுதிறனை வைத்து அதிர்வெண் தீர்வு காண்பார்கள். எஃகைத் தூண்டல் முறையில் சூடாக்கும்போது, 770 டிகிரியை ஒட்டிய கியூரி வெப்பநிலையில் காந்தத் தன்மை மறைகிறது. அதுவரை சில மில்லிமீட்டராக இருந்த ஊடுருவல் ஆழம் 50 ஹெர்ட்ஸில் 70 மில்லிமீட்டருக்கு மேல் தாவிவிடுகிறது. அந்த எல்லையைக் கடக்கும் நேரத்தில் மின் தீர்வை ஓரிரு டிகிரிக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் முடிவு பொருளற்றதாகிவிடும். துத்தநாக ஆக்சைடு மின்னல் தாங்கி போன்ற பொருள்களில் ஓம் விதியே செல்லாது என்பதால், பயனுறு மதிப்பு உதவாது. பல்வேறு வெப்பநிலைகளில் ஒரு முழுச் சுற்றுக்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கணத்துக்குக் கணம் பெருக்கிச் சராசரி எடுத்து, அட்டவணையாக்கிக்கொண்டு வெப்பக் கணக்குக்குக் கொடுக்க வேண்டும்.

உங்கள் கணக்குக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் துடிப்பு வீச்சைத் தாளில் கணித்து, அது உங்களுக்குத் தேவையான துல்லியத்தைவிட நூறு மடங்காவது சிறியதா என்று பாருங்கள். பின்னர் கடத்தியின் தடிமனை 9.3 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டு, நேர்மின்னழுத்தம் போதுமா, அதிர்வெண் தீர்வு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். வெப்பநிலையோடு மாறும் மின்தடையைச் சேர்த்து, 10 மணி நேரக் கணக்கை ஓட்டுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். முடிந்ததும், தொடக்கத்திலும் இறுதியிலும் கிடைத்த வெப்பநிலைகளை உறையவைத்து, அந்த இரண்டு நிலைகளிலும் மட்டும் உங்கள் பழைய சைன் அலை மாதிரியை ஒரு மில்லிவினாடிப் படியில் ஓடவிடுங்கள். தொடக்கத்தின் தற்காலிக நிலை அடங்கியபின், இறுதி இரண்டு சுற்றுகளின் வெப்பத்தைச் சராசரி எடுத்து, சராசரி முறை தந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் பொருந்தினால் முடிவை நம்பலாம். பாதியாகவோ இருமடங்காகவோ வந்தால், உச்ச மதிப்புக்கும் பயனுறு மதிப்புக்கும் இடையே எங்கோ மாறிவிட்டது. வேறு அளவில் விலகினால், கண்ணியின் அளவு ஸ்கின் எஃபெக்ட் ஆழத்துக்குப் போதுமான அளவு நுண்மையாக இல்லை என்பதை முதலில் சந்தேகியுங்கள். அந்த ஆழத்துக்குள் நான்கைந்து கூறுகளாவது இருக்க வேண்டும்.